ஓலைப்பெட்டி விற்கிறவர்கள் ஊருக்கு எதைக் கொடுக்க வேண்டும்?

கைவினைப் பொருள் விற்கும் பக்கங்களில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "எங்கள் லாபத்தில் 10 விழுக்காடு ஊர் மக்களுக்கு." வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கிறது. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் பனையோலைப் பொருட்கள் விஷயத்தில் இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஊருக்குச் சேர வேண்டிய பணம் பொருளின் விலைக்குள்ளேயே, கூலிக்குப் பக்கத்தில், இத்தனை ரூபாய் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் போக மிஞ்சியதில்தான் கொடுப்போம் என்றால் அது ஊர் போய்ச் சேராது.

கணக்குப் போட்டே பார்ப்போம். மூடி போட்ட நடுத்தர ஓலைப்பெட்டி ஒன்றுக்கு 5 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 ரூபாய் என்றால் கூலி 300. ஓலையும் வெட்டுகூலியும் 50. சாயம், விறகு 20. சேதாரம், வண்டிச் செலவு 50. முடைகிற பெண்கள் குழுவின் அறை வாடகை, கணக்கு எழுதுபவர் சம்பளம் 40. அடக்கம் 460 ரூபாய். இணையத்தில் 850க்கு விற்றால் இடையில் நிற்பது 390. படம் எடுப்பது, அட்டைப்பெட்டி, கூரியர், விற்பனைத் தளத்தின் கமிஷன், திரும்பி வரும் பொருட்கள் எல்லாம் சேர்ந்து 250 தின்றுவிடும். லாபம் 140. அதில் 10 விழுக்காடு 14 ரூபாய்.

இதே பெட்டிக்கு மணிக்கு 35 ரூபாய் கொடுக்கும் இன்னொரு கடையைப் பாருங்கள். கூலி 175. லாபம் 265 ஆகிவிடுகிறது. 10 விழுக்காடு என்றால் 26 ரூபாய் 50 காசு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த இரண்டாவது கடைதான் ஊருக்கு அதிகம் கொடுக்கிறது. உண்மையில் முடைந்தவருடைய கூலியில் 125 ரூபாயைக் குறைத்துவிட்டு அதில் 26 ரூபாயைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மணிக்கு 35 என்றால் எட்டு மணி நேரத்துக்கு 280. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலியே 336 ரூபாய். கைத்திறனுக்கு மண்வெட்டியைவிடக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு அப்புறம் நன்கொடை எதற்கு?

அந்த "5 மணி நேரம்" என்பதைக் கணிப்பதிலும் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. குழுவிலேயே வேகமான கை உள்ள அக்காவை உட்கார வைத்து, முடையத் தொடங்கியதிலிருந்து மூடி பொருந்தும் வரை மட்டும் நேரம் பார்ப்பார்கள். ஓலையைக் காயப்போட்டு எடுப்பது, ஈர்க்கு உரிப்பது, ஒரே அகலத்துக்குக் கிழிப்பது, சாயம் காய்ச்சித் தோய்ப்பது, மறுபடி உலர்த்துவது, முடைவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவது எதுவும் அந்தக் கணக்கில் வராது. இவற்றையும் சேர்த்தால் நேரம் தாராளமாகக் கூடும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் பத்துப் பெட்டிக்கு வேண்டிய ஓலையை எடை போட்டுக் கொடுத்து, முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை மொத்த நேரத்தைக் குறித்து, பத்தால் வகுக்க வேண்டும். வேகமானவர், மெதுவானவர், நடுவில் உள்ளவர் என மூன்று பேரைப் பார்த்து, நடுவில் உள்ளவரின் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கூலியைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் கூலிக்குச் சமமான விஷயம். சரக்கு எடுத்து 60 நாள் கழித்துப் பணம் அனுப்பும் விற்பனையாளர், அந்த 60 நாளும் ஓலை முடைகிற பெண்ணிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணோ அதே நாட்களில் நுண்கடன் நிறுவனத்துக்கு வாரத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். ஆர்டரோடு பாதி, சரக்கு கை மாறும் நாளில் மீதி என்பதுதான் நியாயம். கண்காட்சிக்கு "விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பித் தருகிறேன்" என்று எடுத்துப் போவது இன்னும் மோசம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து, பூஞ்சை பிடித்த பிறகு திரும்பி வரும் பெட்டிகளின் நஷ்டம் முழுவதும் முடைந்தவர் தலையில் விழுகிறது. விற்கத் தெரியாத நஷ்டம் விற்கிறவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பூஞ்சையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓலைக்குள் ஈரம் நின்றால் மூன்று நான்கு நாளில் கறுப்புப் புள்ளி விழும். சாயம் தோய்த்த ஓலை தொட்டால் காய்ந்தது போல இருக்கும், மடிப்புக்குள் ஈரம் இருக்கும். முடைந்து முடித்த பெட்டியை மூடி திறந்து இரண்டு வெயில் காட்டி, நிழலில் ஆற வைத்து, காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு அனுப்ப வேண்டும். அதிகம் காய்ந்தாலும் விளிம்பு ஒடியும். இதற்கு ஆகும் ஐந்தாறு ரூபாயும் விலையில் சேர வேண்டியதுதான்.

அடுத்தது, ஊர் என்றால் யார்? ஓலைப்பெட்டிப் படங்களில் முடைகிற பெண்கள் இருக்கிறார்கள், ஓலை வெட்டிக் கொடுத்தவர் இருப்பதில்லை. குருத்தோலை பெரும்பாலும் வடலிகளிலிருந்து, அதாவது உயரம் போகாத இளம் பனைகளிலிருந்து, வருகிறது. உயர்ந்த மரமென்றால் பனையேறிதான் ஏற வேண்டும். பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை என்ற கணக்கில்தான் விடும். ஆர்டர் பெரிதாக வந்தவுடன் ஒரே வடலியில் அடுத்தடுத்து குருத்தைப் பிடுங்கினால் மரம் இளைத்து, ஓலை குட்டையாகி, கடைசியில் பட்டுப்போகும். ஒரு குருத்தை வெட்டினால் அடுத்து வருவதை விரிய விடுவது என்ற ஒழுங்கை வெட்டுகிறவர் காப்பாற்ற வேண்டுமென்றால், எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் பழக்கம் அதற்கு எதிராகத்தான் வேலை செய்யும். நிறைய வெட்டினால் நிறையப் பணம் என்று ஆகிவிடுகிறதே. மரங்களுக்கு எண் போட்டு, எந்த மாதம் எதில் வெட்டியது என்று ஒரு நோட்டில் குறித்து, அந்த ஒழுங்கைக் காப்பதற்கென்று ஓலை விலையில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். பெட்டி ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூட்டினாலும் போதும், நடத்தை மாறும்.

"ஒரு பெட்டி வாங்கினால் ஒரு பனை நடுகிறோம்" என்ற அறிவிப்புகளும் நிறைய வருகின்றன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனை விதை விநியோகத்தையும், மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் அறிவித்தார்கள். அதன் பிறகு நடுவது ஓர் இயக்கமாகவே ஆனது, மகிழ்ச்சிதான். ஆனால் நடுவதற்குச் செலவே கிடையாது. ஆவணி, புரட்டாசியில் பழம் கீழே விழுந்து கிடக்கும், பொறுக்கினால் போதும். நட்டதைக் காப்பதுதான் செலவு.

எங்கே தவறுகிறது என்றால், ஏரிக்கரையில் நட்ட பனை விதை முளைக்கும்போது முதலில் கீழேதான் போகும். மண்ணுக்கு மேல் இலை தெரியப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அங்கே விதை இருப்பதே யாருக்கும் தெரியாது. தை மாதம் வந்தால் பனங்கிழங்குக்காகத் தோண்டி எடுத்துவிடுவார்கள். கிழங்கு தப்பினால் இலையை ஆடு கடிக்கும். ஆடும் தப்பவிட்டால் ஏரியைத் தூர்வார வரும் ஜேசிபி கரையோடு சேர்த்து வாரிப்போடும், இல்லையென்றால் கோடையில் கரைப் புல்லுக்கு வைக்கும் தீ. பிடுங்கி வேறு இடத்தில் நடலாம் என்றால் கிழங்கும் வேரும் ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே நட வேண்டிய இடத்திலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அரையடிக்குக் குறையாத குழியில், பத்தடிக்கு ஒன்றாகப் போட வேண்டும். கரை ஊராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தியில் விதை போட்டுக் கொடுத்தால் கரையில் தோண்டுவது குறையும். அடுத்த ஆவணியில் போய் முளைக்காத குழிகளை எண்ணி மறுபடி விதை போட வேண்டும். அதற்கு அடுத்த வருடமும். பூ விடவே 12 முதல் 15 வருடம் ஆகும், ஆண்பனையா பெண்பனையா என்பது அப்போதுதான் தெரியும். ஓலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், முதல் ஐந்தாறு வருடம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதாமாதம் ஒரு தொகை வேண்டும். "பத்தாயிரம் விதை நட்டோம்" என்று எழுதுகிறவர்களிடம் மூன்றாம் வருடம் எத்தனை நின்றது என்று கேளுங்கள். அந்த எண் 300 என்றாலும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சாயத் தண்ணீர் இன்னொன்று. கடையில் வாங்கும் தூள் சாயத்தைக் காய்ச்சி, மிச்சத்தைத் தெருவிலோ குளத்திலோ ஊற்றிவிட்டு அதே ஊருக்கு நன்கொடை கொடுப்பது பொருந்தாது. மஞ்சளில் தொடங்கி சிவப்பு, அதன் பிறகு கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போனால் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கொட்டுவது மிகவும் குறையும். மிஞ்சியதைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, மணலும் கரியும் போட்ட குழியில் ஊற்ற வேண்டும். சாயம் காய்ச்சும் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் விற்பனையாளர் செலவு.

இனி, ஊருக்குச் சேர வேண்டிய அந்த நிதி. பெட்டிக்கு 20 ரூபாய் என்று விலைக்குள் வைத்தால், மாதம் 100 பெட்டிக்கு 2,000, வருடத்துக்கு 24,000 ரூபாய். சின்னத் தொகைதான். முடைகிறவர்கள், ஓலை வெட்டுகிறவர்கள் சேர்த்து 30 பேர் என்றால், 30 பேருக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு தலைக்கு 20 ரூபாய் வீதம் 600. 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். மரமேறுகிறவருக்கு இதைவிட அவசரமான ஒன்று கிடையாது. 50 வயதுக்குள் 18 பேர் இருந்தால் பிரதமர் ஆயுள் காப்பீடு 436 வீதம் 7,848. ஆக 8,448 ரூபாயில் இரண்டும் முடிகிறது. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதற்குப் பணமே வேண்டாம், அலைவதற்கு ஓர் ஆள் வேண்டும். விற்பனையாளர் அந்த ஒரு நாளைக் கொடுக்கலாம். மீதி 15,552இல் பனங்கன்றைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ஆயிரம். மிஞ்சுவது 3,552.

அதில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் வாசிப்புக் கண்ணாடி வாங்குங்கள். 40 வயதைத் தாண்டிய கை முடையத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கண்தான். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், கொடுக்காதவர்களைவிட அவர்களுடைய வேலை ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியிருந்தது. இலை பறிப்பதற்கே அப்படியென்றால், நூலளவு ஓலையைக் கோக்கிறவர்களுக்கு? கண் பரிசோதனை முகாமோடு சேர்த்துச் செய்தால் ஒரு கண்ணாடிக்கு நூறு, நூற்றைம்பதுக்குள் முடியும்.

இந்தப் பணம் விற்பனையாளரின் சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது. குழுவின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் ஓலை வெட்டுகிறவர் தரப்பிலிருந்து. எதற்குச் செலவு என்பதைக் குழு முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் பூசிப் பெயர் எழுதிக்கொள்வது விற்கிறவருக்கு ஆசையாக இருக்கும். குழுவுக்குத் தேவை மழையில் ஓலை நனையாமல் வைக்க ஒரு தகரக் கொட்டகையாக இருக்கும். பணம் கொடுத்தவருக்கே தீர்மானிக்கும் உரிமை என்ற எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக இருக்கிறது. அதை விடாமல் எந்தக் கணக்கைத் திறந்தும் பயனில்லை.

செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. அழியும் நிலைக்குப் போன செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக்கூடையை மீட்டது, ஒரு பண்பாட்டு அறக்கட்டளை ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்ததால்தான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களின் பொர்கை அமைப்பு, பாட்டிகளோடு போகவிருந்த எம்ப்ராய்டரியைத் திரும்ப உயிர்ப்பித்ததோடு, துணிக்கான பருத்தியையும் அதே பள்ளத்தாக்கின் இயற்கை விவசாயிகளிடம் தேடுகிறது. ஒரு ஊசி வேலை பக்கத்து வயலுக்கும் விலை கொடுக்கிறது. ஓலைக்கும் பனையேறிக்கும் நாம் செய்ய வேண்டியதும் இதுதான்.

பயிற்சி என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. புதிதாகக் கற்கிற பெண் முதல் ஒரு மாதம் முடைவதில் பெரும்பகுதி விற்பனைக்கு ஆகாது. மூலை கோணும், மூடி இறுகும், அடி ஆடும். அந்த மாதத்துக்கு உதவித்தொகை இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே வேறு வேலைக்குப் போய்விடுவார். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கும் அன்றைய முடைகூலி போகிறது, அதையும் ஈடு செய்ய வேண்டும். மரத்தால் செய்த அச்சு ஒன்றைக் கொடுத்து அதன்மேல் முடையச் சொன்னால் அளவு பிசகுவது பாதியாகக் குறையும். அளவைச் சரியாகச் சொல்லாமல் "கொஞ்சம் பெரிசா" என்று ஆர்டர் கொடுத்துவிட்டு அப்புறம் கழித்துக்கட்டும் விற்பனையாளர்கள் ஒரு தச்சரிடம் சில நூறு ரூபாய் செலவழித்தால் தீரும் சிக்கல் இது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பெட்டிக்கு முடைந்தவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கொடுத்தீர்கள், ஓலை யார் வெட்டியது. பதில் சொல்கிறவரிடம் விலை பேசாமல் வாங்குங்கள்.

விற்கிறவர்களுக்கு: விபத்துக் காப்பீட்டுக்கான 20 ரூபாயை வங்கி மே மாதக் கடைசியில் தானாக எடுக்கும், ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை காப்பீடு. அந்த நாளில் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். ஆண்டுமுழுவதும் முடைந்தும் மரமேறியும் உழைத்த ஒருவர் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் போவது நடக்கிற விஷயம். மே 20ஆம் தேதிக்கு முன்னால் 30 பேர் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். குறைகிற இடத்தில் நிதியிலிருந்து போட்டுவிடுங்கள்.