ஊர்ப்பற்று மட்டும் போதாது
தமிழ்நாட்டில் 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள், படித்து முடித்ததும் தங்கள் ஊர்ப்பக்கமே பணிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று இந்த ஒதுக்கீட்டைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் உறுதியாகச் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து மருத்துவரானவள் நான். ஆரம்ப சுகாதார நிலையப் பணியை நான் ஏற்றதற்கு ஊர்ப்பற்றும் காரணம்தான், ஆனால் பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இருந்த 50 விழுக்காட்டு ஒதுக்கீடு அதைவிடப் பெரிய காரணம். இரவில் பிரசவம் பார்த்துவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே கிடந்த மேசையிலேயே நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பேன். சென்னையில் பிறந்து வளர்ந்த என் சக மருத்துவரும் அதே மேசையில்தான் படித்தார். அந்த ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது நாங்கள் அவ்வளவு மகிழ்ந்தது அதனால்தான். கட்டணத்தை அரசே ஏற்பதால் இம்மாணவர்களுக்குக் கடன் சுமை இல்லை என்று அக்கட்டுரைக்குக் கருத்துரைத்த ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியே. ஆயினும் வீட்டின் முதல் பட்டதாரிக்குத் தம்பி தங்கையின் படிப்புச் செலவு காத்திருக்கும், அவர் அரசுப் பணி நியமனத்துக்காகக் காத்திருக்க முடியாமல் தனியார் மருத்துவமனையின் இரவுப் பணிக்குச் சென்றுவிடுவார். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிவிப்பதைப் போலவே, முடித்தவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள் என்பதையும் கல்லூரிவாரியாக அரசு வெளியிட வேண்டும்.