அம்மாவின் கீரை நேரமும் பாரிஸ் கடிகாரமும்

வருகிற ஞாயிறு பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். திங்கள் முதல் மொரீஷியசில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இங்கே ஈபேன் நகரில் பிரெஞ்சு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதும் எங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பாரிசில் மாலை ஐந்து என்பது அவர்களுடைய கோடையில் எங்களுக்கு ஏழு, அவர்களுடைய குளிர்காலத்தில் எட்டு. அவர்களுக்குச் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை; அவர்களுடைய கணக்கை எழுதும் எங்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருப்பது 45.

மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து எழுந்தால் மெட்ரோ பிடித்து ஏழு இருபதுக்கு ரோஸ் ஹில் வீட்டில் இருப்பேன். திருநெல்வேலியில் அப்போது எட்டு ஐம்பது. அம்மா சுளகை மடியில் வைத்து மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நானும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டு இங்கே கீரை ஆய்வேன். (இங்கத்திய கிரியோல் மொழியில் இதற்கு 'ப்ரேட் முரும்' என்று பெயர், நம் முருங்கைதான் வால் அறுந்து நிற்கிறது.) பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். ஈர்க்கை உருவிப்போடும் சத்தம்தான் பாதி நேரம் கேட்கும். பதினோரு ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில், யாருக்கும் எதுவும் செய்து கொடுக்காமல் நான் நானாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். குளிர்காலத்தில் நான் வீடு சேரும்போது அங்கே பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும், அம்மா தூங்கியிருப்பாள்.

வேலையையும் வாழ்க்கையையும் தராசில் வைத்துச் சரிபாதியாக நிறுக்கச் சொல்லும் அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதைவிட, மிஞ்சியதில் யாராலும் நகர்த்த முடியாத நேரம் எது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன தைப்பூசத்தில் காவடி எடுப்பதற்காகப் பத்து நாள் விரதம் இருந்தேன். மாலையில் முன்கூட்டியே கிளம்ப வேண்டும் என்று கேட்டதும் மேலாளர் மறுபேச்சில்லாமல் தலையசைத்தார். காவடி நாள் இங்கே அரசு விடுமுறை. விரதத்தின் அருமை எல்லா மதத்தவருக்கும் தெரியும். அதே மேலாளரிடம் சென்ற வாரம், திங்களும் வியாழனும் ஆறு மணிக்குப் போகலாமா என்று கேட்டபோது, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, ஏதாவது படிக்கிறீர்களா?" என்றார். இரண்டுமில்லை என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சாமிக்கு என்றால் கேட்கலாம், பிள்ளைக்கு என்றால் கேட்கலாம், எனக்கு என்று கேட்டால் மட்டும் ஏதோ களவுபோல நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கூச்சத்தை அலுவலகம் எனக்குக் கற்றுத்தரவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்ட பெண்களைப் பார்த்து வளர்ந்ததில் வந்தது. அம்மாவும் அவர்களில் ஒருத்திதான்.

மேலாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். வாரத்துக்கு நான்கு மணி நேரச் சம்பளம் குறையும். வீட்டுக்காரர் காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "மார்ச் வரைக்கும்தானே" என்றார். அம்மாவிடம் சம்பளக் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் போனை எடுக்கமாட்டாள்.