வன்னியில் எம்பரர் ஏஞ்சல் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு

கருநீல உடம்பில் வெள்ளை வளையம் போட்ட எம்பரர் ஏஞ்சல் குட்டியைக் கடையில் கண்டால் யாருக்கும் ஆசை வரும். வளர்ந்தால் மஞ்சள்-நீலக் கோடுகளோடு 40 சென்ரிமீற்றர் வரை வரும் கடல்மீன் அது. "இப்ப மூன்றடித் தொட்டி காணும், வளரட்டும் பாப்பம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பெரிய தொட்டியை முதலில் கட்டுங்கள், மீன் பிறகு.

குறைந்தது 6×2×2 அடி, அதாவது 680 லீற்றர். கண்ணாடி 12 மில்லிமீற்றர், மேல்விளிம்பில் குறுக்குப்பட்டி. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 700 கிலோ வரும். இரும்பு ஸ்டாண்டும் உறுதியான கொங்கிறீற் தரையும் வேண்டும்.

அடுத்தது உப்பு. கல்லும் மேல் இடைவெளியும் போக 600 லீற்றர் என்றாலும், லீற்றருக்கு 36 கிராம் கணக்கில் 21 கிலோவுக்கு மேல் கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பு போகும். விலையைக் கேட்டதும் "ஆனையிறவு உப்பைக் கரைச்சால் என்ன?" என்பார்கள். சரிவராது. உப்பளப் பாத்தியில் நீர் வற்றும்போது கல்சியத்தின் பெரும்பகுதி முதலிலேயே படிந்துவிடும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். இடையில் அள்ளுவதுதான் கறியுப்பு. அதைக் கரைத்தால் உப்புமானி கடல்நீர் போலவே 1.025 காட்டும், ஆனால் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8.1க்கு மேல் நிற்காது.

முல்லைத்தீவுக் கடல்நீர் எடுக்கலாம், காசும் மிச்சம். ஆனால் மாரியில் வேண்டாம். வட்டுவாகல் முகத்துவாரம் திறந்தால் நந்திக்கடலின் வெள்ளம் கலந்து உப்பு இறங்கும், நீரும் கலங்கும். கடல் தெளிந்தபின், முகத்துவாரத்துக்குத் தூரமாக அள்ளி, உப்பை அளந்து, ஒரு கிழமை மூடிவைத்துத் தெளியவிடுங்கள். தொட்டிக்குள் போடவென்று முருகைக்கல்லைக் கடலில் பெயர்த்து எடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

எங்கள் ஊரில் பெரிய எதிரி வெக்கைதான். நீர் 25–27 பாகையில் நிற்கவேண்டும். 30ஐத் தாண்டினால் ஒக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நீர்மட்டத்தில் ஃபேன் அடித்தால் 2–3 பாகை இறங்கும். அதற்கும் அடங்காத வெக்கைக்குச் சில்லர் (நீரைக் குளிராக்கும் மெசின்)தான். சோளகக் காற்றில் நீர் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறையும் அளவுக்கு ஆர்.ஓ. (வடிகட்டி உப்பு நீக்கிய) நன்னீரையே விடுங்கள். கிணற்றுநீர் கூடாது.

கரண்ட் போனால் பற்றரி காற்றுப்பம்ப் ஓடவேண்டும். பலமணி நேரம் நின்ற கனிஸ்ரர் பில்டரை (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டியை) அப்படியே போடாதீர்கள். உள்ளே பக்ரீரியா செத்து நீர் நஞ்சாகியிருக்கும். அதை ஊற்றிவிட்டு, தொட்டிநீரில் அலசித்தான் பூட்டவேண்டும்.

புதுத்தொட்டியில் நீரைச் சுத்தமாக்கும் பக்ரீரியா பெருகி, அமோனியா, நைத்திரைற் என்ற நஞ்சுகள் பூச்சியமாக 4–6 கிழமை பிடிக்கும், அதுவரை மீன் வேண்டாம். வாங்கியதையும் தனித்தொட்டியில் 4 கிழமை வையுங்கள். வெண்புள்ளி நோய்க்கான செம்பு மருந்தும் அங்கேதான்; பெரிய தொட்டியில் விட்டால் உள்ளே கிடக்கும் கல் அதை உறிஞ்சி வைத்திருக்கும், இறாலும் நண்டும் சாகும்.

தீனியாக இறாலை மட்டும் போட்டு வளர்த்தால் முகத்திலும் உடம்பின் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழலாம். கடலில் இது பஞ்சுயிரி (பாறையில் ஒட்டி வாழும் ஸ்பொஞ்ச்) தின்னும் மீன். பஞ்சுயிரி கலந்த உறைதீவனமும் கடற்பாசியும், நாளுக்கு மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாக. கரண்ட் போய் இளகிய தீவனத்தை மறுபடி உறையவைக்காதீர்கள்.

8–10 சென்ரிமீற்றர் மீனாகத் தேடுங்கள். அதைவிடச் சின்னது இலகுவில் மெலியும், நன்றாக வளர்ந்தது தொட்டிக்குப் பழகச் சிரமப்படும். காசு கொடுக்கமுன் கடைக்காரரிடம் தீவனம் போடச்சொல்லிப் பாருங்கள். கொத்தாத மீனை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.