ஃபேன் வெச்ச ப்ளேன்னா ஓட்டை ப்ளேனா?

"சின்ன ஊர்னா பழைய ஃபேன் ப்ளேன தள்ளி விடுறாங்க"ன்னு ஒரு ஃபார்வேர்டு சுத்துது, தப்புங்க. சின்ன ஊருக்கு வர்ற அந்த ஃபேன் ப்ளேன் ஏடிஆர் 72-600, அது சர்வீஸுக்கு வந்ததே 2011ல தான். உள்ள இருக்கறதும் ஜெட் மாதிரி டர்பைன் எஞ்சின் தான், அது நாம ஃபேன்னு சொல்ற ப்ரொப்பெல்லர சுத்துது அவ்ளோதான். ஏர்போர்ட்ல ஆளுங்கள ஏத்த நிக்கறப்ப பாருங்க, வலது ப்ரொப்பெல்லர் ப்ரேக்ல அசையாம நிக்கும், ஆனா எஞ்சின் மட்டும் ஓடிட்டே கேபினுக்கு கரெண்ட் குடுக்கும் (சத்தம் காதைப் பொளக்கும், அது உண்மை).

தூத்துக்குடி பழைய ரன்வே சுமார் 1350 மீட்டர், அதுல ஏ320 மாதிரி பெரிய ஜெட் எல்லாம் ஃபுல் லோடோட எங்க எறங்குறது, ஏடிஆர் தான் வந்துச்சு. ஏடிஆர் வேகம் மணிக்கு 500 கிமீ சொச்சம், ஜெட்ட விட கம்மி தான், ஆனா சென்னைக்குப் போறதுக்குள்ள அதுல பெரிய வித்தியாசம் வராது, ஃப்யூயல் செலவு மட்டும் நல்லா கொறையும், அதனால தான் 70 சொச்சம் சீட்டு ரூட்டே கட்டுப்படியாகுது.