168 பேரின் கதையும் ஒரு முடிச்சுக் கணக்கும்

தென் அமெரிக்காவின் இன்கா பேரரசு என்று பேச்செடுத்தாலே அதை வீழ்த்தியதாகச் சொல்லப்படும் 168 ஸ்பானியர்கள் முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். 1532 நவம்பரில் ஸ்பானியத் தளபதி பிசாரோ அந்த 168 பேரோடு பெருவின் கஹமார்கா நகருக்குப் போனாராம். பேரரசர் அதாவால்பாவைப் பிடித்தாராம். ஒரே மாலையில் எல்லாம் முடிந்ததாம். போனதும் பேரரசரைப் பிடித்ததும் உண்மை. அந்த மாலையோடு எல்லாம் முடிந்தது என்பது வென்றவர்கள் சொந்தப் பெருமைக்கு ஊதிவிட்டது. நாமும் அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு எதிரான சாட்சியம் 1561-லேயே லிமா நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. பெருவின் ஹவுஹா பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஹுவாங்கா இன மக்களின் தலைவர்கள், ஸ்பானியப் படைக்குத் தாங்கள் கொடுத்ததற்கெல்லாம் ஈடு கேட்டு வந்தார்கள். சுமை தூக்கிய ஆட்கள், லாமா எனும் சுமைவிலங்குகள், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, செருப்பு, விறகு, மீன் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார்கள். கொடுத்தது ஒரு கணக்கு. படையினர் சூறையாடியது தனிக்கணக்கு! அத்தனையும் ‘கிப்பு’ எனும் முடிச்சுக் கயிறுகளைப் பார்த்துச் சொன்னவை.

ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகள். நுனியருகே ஒன்றாம் இடம். மேலே போகப்போகப் பத்து, நூறு, ஆயிரம். ஒன்றாம் இடத்தில் ஏழு என்றால் ஏழு சுற்றுச் சுற்றிய நீள முடிச்சு. சுழியம் என்றால் முடிச்சே இல்லாத வெற்றிடம். இப்படிக் கணக்கு வைத்தவர்களைத்தான் ‘எழுத்தறியாதவர்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் கயிறுகளின் அருமை பாதிரிமார்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது போலும். 1583-இல் லிமாவில் கூடிய திருச்சபை மன்றம் கிப்புகளைப் பறிக்கச் சொன்னது.

சரி, ஹுவாங்காக்கள் ஏன் உதவினார்கள்? இன்காக்கள் ஒன்றும் புனிதர்கள் அல்லர். வென்ற நாட்டு மக்களைக் குடும்பத்தோடு பெயர்த்துத் தொலைதூரத்தில் குடியேற்றியவர்கள். இன்காக்களின் தலைநகர் குஸ்கோவுக்கு உழைத்துக் கொடுத்தே சலித்த ஹுவாங்காக்கள் பிசாரோவுக்கு ஆளும் சோறும் கொடுத்தார்கள். அதற்கு முன்பே பேரரசர் ஹுவாய்னா கபாக் இறந்து, மகன்கள் ஹுவாஸ்கரும் அதாவால்பாவும் அரியணைக்காக அடித்துக்கொண்டு நாட்டைக் குட்டிச்சுவராக்கியிருந்தார்கள்.

அப்படியும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1536-இல் அதாவால்பாவின் தம்பி மான்கோ இன்கா, ஸ்பானியர் கையிலிருந்த குஸ்கோவை முற்றுகையிட்டு மாதக்கணக்கில் ஸ்பானியர்களைத் திணறடித்தார். நகருக்குள் ஸ்பானியர்கள் 200 பேர்கூட இல்லை. அவர்களோடு நின்று போரிட்டவர்களில் பெரும்பாலோர் கன்யாரி, சாச்சபோயா போன்ற பூர்வகுடி இன மக்களே. அந்த ஆயிரக்கணக்கானோரைத் தலைக்கணக்கில் சேர்க்காமல் 168 என்ற எண்ணை மட்டும் எப்படிச் சொல்கிறார்களோ! மான்கோ பின்வாங்கி வில்கபம்பா மலைக்காட்டில் நிறுவிய அரசு, 1572-இல் அவருடைய மகனும் கடைசி இன்கா அரசருமான துபாக் அமாரு குஸ்கோவில் தலை வெட்டப்படும்வரை நின்றது.