ஓய்வுபெறும் கிளைக்கு ஒரு காரணக் குறிப்பு வேண்டும்

மென்பொருள் நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில், வேலை முடிந்த கிளைகளை (பிரதான நிரலிலிருந்து தனியாகப் பிரித்து வேலை செய்யும் வரிசைகளை) என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம், எதையும் அழிக்கவே கூடாது என்று ஒரு தரப்பும், சில மாதங்களாகக் கமிட் (பதிவுசெய்யப்பட்ட மாற்றம்) விழாத கிளைகளை ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக அழித்துவிடலாம் என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கிளையின் பெயர் பட்டியலிலிருந்து போக வேண்டும்; ஆனால் அது ஏன் நிறுத்தப்பட்டது என்பது களஞ்சியத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடம் மிச்சமாகும் என்பதற்காகக் கிளைகளை அழிப்பதில் பொருளில்லை. கிட்டில் கிளை என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. கமிட்டுகளுக்கு எஸ்எச்ஏ-1 முறையில் அடையாளம் தரும் வழக்கமான களஞ்சியத்தில் அது தனிக் கோப்பாக இருக்கும்போது 41 பைட்தான். வீணாவது மனிதர்களின் கவனம். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர் பட்டியலைத் திறந்து, 'லாகின்-ஃபிக்ஸ்', 'லாகின்-ஃபிக்ஸ்-2', 'லாகின்-ஃபைனல்' என்று மூன்றைப் பார்த்தால், எது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் கேட்கவும் ஆளில்லை.

மெர்ஜ் ஆன, அதாவது பிரதான கிளையில் சேர்க்கப்பட்டுவிட்ட, கிளையை அன்றைக்கே அழித்துவிடலாம். கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் அதைத் தானாகவே செய்யும் வசதியும் உண்டு. சிக்கலெல்லாம் மெர்ஜ் ஆகாமல் பாதியில் நின்றவற்றில்தான். கிட்டைப் போலவே மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் சப்வெர்ஷனில் ஒரு கிளையை அழிப்பதே ஒரு கமிட். யார், எப்போது, ஏன் அழித்தார் என்பது வரலாற்றில் நிற்கும், பழைய திருத்த எண்ணைக் கொடுத்தால் உள்ளடக்கமும் கிடைக்கும். அத்தகைய இன்னொரு கருவியான மெர்க்கூரியலில் கிளையை மூடுவதற்கென்றே ஒரு கமிட் உண்டு. கிட்டிலோ, அழிக்கும்போது காரணத்தை எழுத இடமே கிடையாது. அந்தக் கிளை முன்பு எந்தெந்தக் கமிட்டைச் சுட்டியது என்று குறித்துவைக்கும் ரெஃப்லாக்கும் கூடவே போய்விடுகிறது. கிளையில் வேலை செய்தவரின் கணினியில், அவர் அப்போதைக்கு நிற்கும் இடத்தைக் காட்டும் ஹெட்டின் ரெஃப்லாக் கொஞ்ச காலம் கைகொடுக்கலாம். ஆனால் எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளைப் பற்றிய ரெஃப்லாக் பதிவின் இயல்புநிலை ஆயுள் 30 நாள் மட்டுமே.

கிட் கட்டளையில் சிறிய 'டி' (-d) கொடுத்து அழிக்கும்போது, கிளையின் வேலை அதன் அப்ஸ்ட்ரீம் கிளையிலோ (அதற்கு இணையாகக் குறித்துவைத்த, பெரும்பாலும் சர்வரில் உள்ள கிளையிலோ), அது இல்லாவிட்டால் நாம் நிற்கும் கிளையிலோ சேர்ந்திருக்கிறதா என்று கிட் பார்க்கிறது, சேரவில்லையென்றால் மறுக்கிறது. நல்ல காவல்தான். ஆனால் கிளையின் கமிட்டுகளையெல்லாம் ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் குழுக்களில் அந்த வேலை வேறொரு புதிய கமிட்டாகப் பிரதான கிளைக்குள் போவதால், உண்மையிலேயே சேர்ந்துவிட்ட கிளையைக்கூடச் சேரவில்லை என்று கிட் சொல்ல நேரிடுகிறது. சில முறை இப்படி நடந்ததும் எல்லோரும் யோசிக்காமல், இந்தச் சோதனை இன்றி அழிக்கும் பெரிய 'டி'க்குப் (-D) பழகிவிடுகிறார்கள். எங்குமே சேராத வேலை காணாமல் போவது இந்தப் பழக்கத்தால்தான்.

ஆகவே, பாதியில் நின்ற கிளையை அழிப்பதற்கு முன் அதன் கடைசிக் கமிட்டில் 'ஆர்கைவ்/' என்று தொடங்கும் பெயரில், செய்தியோடு கூடிய டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் நிலையான பெயர்) ஒன்றை இட்டு, அதைச் சர்வருக்கும் புஷ் செய்ய (அனுப்ப) வேண்டும். செய்தியில் "கேஷை நினைவகத்திலேயே வைத்துப் பார்த்தோம், இரண்டு சர்வர்கள் சேர்ந்து ஓடும்போது மதிப்புகள் ஒத்துப்போகவில்லை, அதனால் நிறுத்தினோம்" என்ற அளவுக்கு எழுதினாலே போதும். டேக் இருக்கும்வரை கமிட்டுகள் குப்பையாகக் கழிக்கப்படா. வேண்டியபோது அதிலிருந்தே கிளையை மீண்டும் எடுக்கலாம். அதைவிட முக்கியமாக, அதே யோசனையோடு அடுத்து வருபவர் அது எங்கே முட்டி நின்றது என்பதைப் படித்துவிட்டுத் தொடங்கலாம். இந்தச் செய்தியை, முடிந்தவரை, கிளையில் வேலை செய்தவரே எழுத வேண்டும். கடைசிக் கமிட்டின் தேதியை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்குக் காரணம் தெரியாது.

வெளியீட்டுக் கிளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கும் காலம் முழுவதும், மாதக்கணக்கில் கமிட் விழாவிட்டாலும் அந்தக் கிளை பணியில்தான் இருக்கிறது. அதை யாரும் தவறி அழிக்காதபடி சர்வரில் பூட்டி வைத்து, ஆதரவு முடியும் நாளில் கடைசி வெளியீட்டின் டேக் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே எடுக்க வேண்டும்.