வீட்டில் தோட்டா நிரப்ப உரிமம் வேண்டாம் என்பது உண்மையா?

"வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்கி, பழைய இரும்பில் ஓர் அழுத்துக்கருவி செய்து, சமையலறைத் தராசில் வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பிக்கொள்ளலாம், உரிமம் தேவையில்லை" என்றொரு குரல்பதிவு டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு.

தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி உரிமம் பெற்றவர் அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ளலாம். உரிமமற்றவர் ஒரு தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். சொந்தமாகத் தோட்டா நிரப்புவதை அறவே தடைசெய்ய 2021இல் முன்வைக்கப்பட்டது ஒரு சட்ட வரைவு மட்டுமே என்பதால், "ஏற்கெனவே தடை வந்துவிட்டது" என்னும் எதிர்வதந்தியும் சரியன்று.

தராசு பற்றிய பேச்சுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது. மருந்தை அளக்கும் அலகான கிரெய்ன், ஒரு கிராமில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு, 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெய்ன்களே போதும் என்பதால், ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு அந்த முழு அளவையே காட்டாமல் விடக்கூடும், இரட்டிப்பாக விழுந்தாலும் எச்சரிக்காது. வீட்டில் செய்த அழுத்துக்கருவி குண்டைச் சற்றே ஆழமாக இறக்கினாலும் உறைக்குள் இடம் குறைந்து, அழுத்தம் உயர்ந்து, துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்துகளின் எரிவேகமும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. அந்தப் பதிவு இதில் ஒன்றையும் சொல்லவில்லை.